வண்ணாரப்பேட்டைப் படித்துறையில் மாறிய குரல்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம் ஐப்பசி மாதத்தில், வண்ணாரப்பேட்டைப் படித்துறைக்குக் குளிக்கப் போன மூன்று மாணவர்களின் குரல்கள் ஒருவருக்கொருவர் மாறிப்போயின. அந்த வருஷம் மழை ஒழுங்காகப் பெய்தது. கருப்புக்கட்டி விலை இறங்கியிருந்தது. தாமிரபரணி பாலத்துத் தூண்களில் பாதியளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் மூவரும் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஹைஸ்கூலில் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவதாக அவர்களோடு போயிருந்த மேலப்பாளையத்துக் காஜா முகைதீனுக்குச் சளி பிடித்திருந்ததால் அவன் தண்ணீரில் இறங்காமல் படியில் உட்கார்ந்து துணிகளைக் காவல் காத்தான். ஆகையால் அவனுடைய குரல் கடைசிவரை அவனிடமே இருந்தது.

ஒருவன் முங்கித் தண்ணீருக்குள் எதையாவது கத்துவான், மேலே நிற்பவன் அது என்ன சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. அன்றைக்கு மூன்று பேரும் சேர்ந்தாற்போல முங்கி அவரவர் பெயரைக் கத்தினார்கள். குமிழிகள் ஒன்றாகக் கலந்து மேலே வந்து வெடித்தன. முதலில் தலை நீட்டிய ரேமண்ட், "என்னலே கேட்டுது?" என்று காஜாவைக் கேட்டான். கேட்டது வன்னியராஜின் குரல். "லே, என்ன மாதிரிப் பேசாத" என்று கோபித்துக்கொண்டான் வன்னியராஜ். அது இஸ்ரவேலின் குரல். இஸ்ரவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கர்த்தாவே" என்றான். அது ரேமண்டின் குரலில், கரையிலிருந்து தோணிக்குக் கத்துவதுபோல வந்தது. எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காஜா முதலில் சிரித்தான். பிறகு மூன்று பேர் துணியையும் அங்கேயே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டான்.

இந்த மூவரில் இஸ்ரவேலுக்குத்தான் இழப்பு. உபதேசியார் அப்பாத்துரைக்கு அவன் ஒரே பிள்ளை. தாய் அவனைப் பெற்ற வாரமே இறந்துபோயிருந்தாள். பிள்ளையின் குரல் கோயிலில் கீர்த்தனை பாடும்போது கூரையில் அடைந்திருக்கும் புறாக்கள் சத்தத்தை நிறுத்திவிடும் என்று ஊரில் சொல்லுவார்கள். மிஷனரி துரையின் மனைவி அதைக் கேட்டு ஒருமுறை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே அப்பாத்துரை தன் மகன் சபைப் போதகராகி, ஐயர் என்று பட்டம் பெற்று வெள்ளை அங்கி போட்டுப் பிரசங்க பீடத்தில் நிற்பதைக் கண்ணாரக் கண்டுவிட்டார். அதன்பிறகு அவர் பார்த்த எல்லாமே அதற்கு முன்னால் நடக்கவேண்டிய சில்லறை வேலைகள்தான்.

ரேமண்ட் வீரபாண்டியன்பட்டணத்துப் பையன். கத்தோலிக்கன். தூத்துக்குடித் துறைமுகத்தில் அவன் தாய்மாமனுக்குத் தெரிந்த ஒரு துரையின் சிபாரிசில், பங்குச் சாமியார் முறைத்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவன். காலில் செருப்பு நிற்காது. ஒன்று எப்போதும் எங்கேயாவது கிடக்கும். ஜியாமெட்ரி வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். கேள்வி கேட்டால் தூக்கம் கலையாமலே தப்பான பதில் சொல்லுவான். தன் பாட்டையா ஒரு திமிங்கிலத்தோடு பேசியிருக்கிறார் என்பான். என்ன பேசினார் என்று கேட்டால், அது குடும்ப விஷயம், வெளியே சொல்லக்கூடாது என்பான். அவன் டிரங்குப் பெட்டியில் எப்போதும் கருவாடு இருந்தது. ஹாஸ்டலில் உள்ள பூனைகள் அவன் கட்டிலைச் சுற்றித்தான் குட்டி போட்டன.

கங்கைகொண்டானிலிருந்து வந்த வன்னியராஜ் பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்வான். காலைப் பலகாரத்தை ஹாஸ்டலில் ஒருமுறையும் ஹெட்மாஸ்டர் வீட்டுச் சமையல்காரரிடம் ஒருமுறையும் முடிப்பான். அவ்வளவு பெரிய உடம்பில் பல்லிக்குப் பயந்தான். யாராவது அழுதால் காரணம் கேட்காமல் தானும் அழுதான். அவனுக்கு வாய்த்த குரல் மட்டும் தாயைத் தேடும் கன்றுக்குட்டியின் குரல். சிறு வயதிலிருந்தே ஊரில் அவனைக் கன்னுக்குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் எதைச் சொன்னாலும், சாவுச் செய்தியே சொன்னாலும், கேட்டவர்கள் சிரித்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அவர்கள் மூவரையும் பிரம்பால் அடித்துப் பார்த்தார். அழுகைகூட மாறித்தான் வந்தது. ஆஜர் சொல்லும்போது எந்தப் பெயரில் குறிப்பது என்று ஒரு வாரம் குழப்பம் இருந்தது. குரல் எந்த வாயிலிருந்து வருகிறதோ அந்த வாய்க்கே சொந்தம் என்று அவர் தீர்ப்புச் சொன்னதும் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று தொண்டைகளிலும் விளக்கைப் பிடித்துப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். லீவுக்குப் போன ரேமண்டை அவன் தாய் தெரசம்மாள், விளையாடுகிறான் என்று நினைத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு பழகிக்கொண்டாள். ரேமண்டுக்கு இதில் வருத்தமே இல்லை. புதுக் குரலில் கன்றுபோலக் கத்தி ஊர்ப் பசுக்களையெல்லாம் கடற்கரைக்கு வரவழைத்துக் காட்டினான்.

மறுபடியும் ஆற்றில் முங்கிக் கத்தினால் மாறிவிடும் என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் அந்த வாரமே வெள்ளம் ஏறிப் படித்துறை மூழ்கிவிட்டது. வெள்ளம் வடிந்தபோது வன்னியராஜ் ஆற்றுக்கு வர மறுத்துவிட்டான். பொங்கல் லீவில் அவன் ஊருக்குப் போய் வண்டியிலிருந்து இறங்கி "தண்ணி கொண்டா" என்று சொன்ன மாத்திரத்தில் தெருவில் போனவர்கள் நின்றார்களாம். அவன் தங்கை அழுதாளாம். அவன் பேசும்போது முதல்முறையாக ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கிணற்றில்தான் குளித்தான். ஆறு இருக்கும் திசையில் நடப்பதற்கே யோசித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போடும் அளவுக்கு இஸ்ரவேலுக்கு உடம்பில் பலம் இல்லை. ஒருமுறை முயன்று பார்த்து, பெஞ்சோடு சேர்ந்து கீழே விழுந்தான்.

திருநெல்வேலியில் கடைகள் எரிந்து துப்பாக்கி வெடித்த வருஷம் அவர்கள் மெட்ரிகுலேஷன் எழுதினார்கள். இஸ்ரவேல் தேறினான். ரேமண்ட் பூகோளத்தில் கடலைப் பற்றிய கேள்வியிலேயே தோற்று, தாய்மாமனோடு கொழும்புத் தோணியில் ஏறிவிட்டான். வன்னியராஜ் திரும்பத் திரும்ப எழுதித் திரும்பத் திரும்பத் தோற்று, பருத்திக்காட்டைப் பார்க்கப் போய்விட்டான். காஜா முகைதீன் பரீட்சைக்கு முன்னாலேயே மாமனாரின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். இஸ்ரவேலை வேதசாஸ்திரப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். சோதனைக்காக ஏரல் பக்கத்தில் ஒரு சபைக்குப் பிரசங்கம் பண்ண அனுப்பினார்கள். அவன் நல்ல மேய்ப்பனைப் பற்றி இரவு பகலாகத் தயாரித்திருந்தான். பீடத்தில் ஏறி வாயைத் திறந்ததும், அலைக்கு மேலே கத்திப் பழகிய அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பியது. ஆடுகளைப் பற்றிச் சொன்னவையெல்லாம் சுறா வருகிறது என்று எச்சரிப்பதுபோல் இருந்தன. முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எழுந்து, கடல் எவ்வளவு தூரத்தில் வந்திருக்கிறது என்று கேட்டார். பரிசுத்தமான வேலைக்கு இது சரிப்படாது என்று கமிட்டி வருத்தத்தோடு சொல்லிவிட்டது.

அப்பாத்துரை அன்றைக்கே கங்கைகொண்டானுக்கு நடந்து போனார். வன்னியராஜ் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தான். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அழுதான்.

"ஐயா, பொறந்ததுலருந்து என்னக் கன்னுக்குட்டின்னுதான் கூப்பிட்டாவ. இப்பத்தான் ஒரு மனுசன்னு மதிச்சுப் பேசுதாவ. என்ன வேணும்னாலும் கேளுங்க, இத மட்டும் கேக்காதீய."

அப்பாத்துரைக்குக் கோபம் வரவில்லை. அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவன் மாடுகளை வைது விரட்டுவதையும் கூலியாட்களிடம் சண்டை போடுவதையும் சாயங்காலம்வரை வரப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு சம்பள நாளுக்கு மறுநாளெல்லாம் கங்கைகொண்டானுக்குப் போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. வீட்டில் இஸ்ரவேலோடு சைகையில் பேசினார். அவன் பதில் சொல்ல வாயெடுத்தால் கையைத் தூக்கி நிறுத்துவார். இஸ்ரவேல் மிஷன் தொடக்கப்பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்தான். அவன் வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. ஜங்ஷனில் கடை வைத்திருந்தவர்கள் அதை வைத்து நேரம் தெரிந்துகொண்டார்கள்.

அவன் மணந்துகொண்ட கெசியா பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று அவன் "வணக்கம்" என்றதும் அடுக்களையில் ஒரு சட்டி உடைந்தது. "நா காது கேக்காதவளா பொறந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சம்மதித்தாள்.

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் கார்த்திகைப் புயலில் கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன தோணி ஒன்று திரும்பவில்லை. அந்தத் தோணியில் ரேமண்ட் இருந்தான். செய்தியைக் காஜா முகைதீன்தான் கொண்டுவந்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று, குடையை மடக்காமலே சொன்னான். ரேமண்டோடு வன்னியராஜின் கன்றுக்குட்டிக் குரலும் கடலுக்குள் போயிற்று. அந்த நேரத்தில் கங்கைகொண்டானில் வன்னியராஜுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் கருவாட்டு வண்டி ஒன்றில் ஏறி, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் வழியாக, தெரசம்மாள் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை. வாய்ப்பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"நீதான் இசரவேலா?"

"ஆமாம்மா."

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "நிறுத்தாத. சொல்லிட்டு இருந்ததச் சொல்லு."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இஸ்ரவேல் எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடக்கத்திலிருந்து சொன்னான். முடிந்ததும் ஒன்பதாம் வாய்ப்பாட்டைக் கேட்டாள். அதுவும் முடிந்ததும், "எம்மான்னு ஒருக்கா கூப்பிடு மக்கா" என்றாள். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவனிடம் வேலை இருந்ததில்லை. அதை எந்த அளவுச் சத்தத்தில் சொல்வது என்றுகூட அவனுக்குத் தெரியாது. "எம்மா" என்றான். குரலுக்கு அது தெரிந்திருந்தது. அது தானாகவே கடைசியில் கொஞ்சம் இழுத்தது. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறவனைப்போல.

"இருக்கேன், இருக்கேன்" என்றாள் தெரசம்மாள்.

அதன்பிறகு மாதா மாதம் வந்தாள். அழுததில்லை. கெசியா கொடுத்த கருப்புக்கட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு ஊர்ச் சமாச்சாரம் சொல்லுவாள். யார் வீட்டில் கல்யாணம், யார் வலையை யார் அறுத்தது, புதுச் சாமியார் எப்படிப் பூசை வைக்கிறார் என்று. இஸ்ரவேல், "சரிம்மா", "அப்படியாம்மா" என்பான். சில நாள் திட்டவும் செய்வாள். உச்சி வெயிலில் ஏன் தலையில் துண்டு இல்லாமல் போனாய், மாமனிடம் ஏன் எதிர்த்துப் பேசினாய் என்று ரேமண்ட் செய்த எல்லாவற்றுக்கும் இஸ்ரவேல் தலைகுனிந்து நின்று பதில் சொன்னான். எங்கே கிடக்கிறாய் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. யுத்தம் வந்து அரிசி விலை ஏறிய காலத்திலும், எம்டன் கப்பல் வருகிறது என்று கரைக்காரர்கள் சட்டிபானையோடு உள்நாட்டுக்கு ஓடிய காலத்திலும் அவள் வருவது தவறவில்லை.

கெசியா ஒருநாள் கேட்டாள். "அந்தம்மா இங்கன இருக்கும்போது நீங்க யாரு?"

அவன் யோசித்துவிட்டு, "தெரியல" என்றான்.

"யாரா இருந்தா என்ன, போயி ரெண்டு குடம் தண்ணி கொண்டாங்க."

பதினெட்டாம் வருஷம் மழை பொய்த்தது. அதோடு விஷக் காய்ச்சல் வந்தது. பாளையங்கோட்டையில் பெட்டி செய்கிற ஆசாரிகளே படுத்துவிட்டதால் ஆட்களைப் பாயில் சுற்றிப் புதைத்தார்கள். அப்பாத்துரை படுத்ததும் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்துகொண்டார். மகன் பாடி ஒரு கீர்த்தனை கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று சைகையில் சொல்லாமல் வாய்விட்டே சொன்னார். இஸ்ரவேல் பாடினான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காஜா முகைதீன் சொல்லி அனுப்பி, வன்னியராஜ் வில்வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். முகம் அழுது வீங்கியிருந்தது.

"வாலே, ஆத்துக்குப் போவோம். உங்க ஐயா போறதுக்குள்ள நீயே எடுத்துக்க. நா அனுபவிச்சது போதும்."

படித்துறையில் தண்ணீர் மார்பளவுகூட இல்லை. நடு ஆற்றில் பள்ளம் பார்த்து நின்றார்கள். பன்னிரண்டு வருஷமாக ஆற்றைத் தொடாத வன்னியராஜ் இஸ்ரவேலின் கையைப் பிடித்துக்கொண்டான். காஜா படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் முங்கினார்கள். வன்னியராஜ் கத்துவது இஸ்ரவேலின் காதில் விழுந்தது. தெளிவாக, கோயிலில் கேட்டதுபோல. அவனுக்கே சொந்தமான குரல். வாயைத் திறந்தால் போதும். அந்தக் கணத்தில் அவன் மனசில் கருவாட்டு வண்டி ஒன்று பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றது. தெரசம்மாள் இறங்கி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு முட்டும்வரை தண்ணீருக்குள்ளேயே நின்றான்.

"சத்தம் போட்டியாலே?" என்றான் வன்னியராஜ் வெளியே வந்து. இன்னும் இஸ்ரவேலின் குரலில்.

"போட்டேன்" என்றான் இஸ்ரவேல், ரேமண்டின் குரலில்.

வன்னியராஜ் அவனையே பார்த்தான். பிறகு வேட்டியைப் பிழிந்தான். "சரி, வா. உள்ள நீ உக்காந்து வாய அசை. நா கதவுக்குப் பின்னால நின்னு பாடுதேன்."

அவனுக்குப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது. கெசியா கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு அடியாகக் காதில் சொல்ல, அவன் பருத்திக்காட்டில் ஆளைக் கூப்பிடுவதுபோலப் பாடினான். இஸ்ரவேல் தகப்பனின் கட்டிலில் உட்கார்ந்து வாயை அசைத்தான். அப்பாத்துரை கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"சுதி சேரல" என்றார். பிறகு, "அவன உள்ள கூப்பிடு."

வன்னியராஜ் வந்து முட்டிபோட்டான். அப்பாத்துரை அவன் தலையில் கைவைத்து, மகனுக்காக வருஷக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த ஆசீர்வாதம் முழுவதையும் பைய, ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லிமுடித்ததும் கை அவன் தலையிலிருந்து நழுவியது. கட்டிலின் மறுபக்கத்தில் இஸ்ரவேல் உட்கார்ந்திருந்தான். அவன் இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்ததைக் கெசியாதான் பார்த்து, தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

காய்ச்சலை வன்னியராஜ் அந்த அறையிலிருந்தே கொண்டுபோயிருக்க வேண்டும். அடுத்த வாரம் கங்கைகொண்டானில் அவனை எரித்தார்கள். விறகு பச்சையாக இருந்ததால் நேரமாயிற்று. காஜாவும் இஸ்ரவேலும் புகைக்கு விலகி நின்றார்கள். கீர்த்தனையால் புறாக்களை அடக்கிய அந்தக் குரல் உடம்போடு சேர்ந்து எரிந்தபோது வானத்திலோ பூமியிலோ எதுவும் நடக்கவில்லை. "உனக்கு ஏதும் தெரியுதாலே?" என்று காஜா கேட்டான். இஸ்ரவேல் இல்லை என்று தலையாட்டினான்.

அந்த மாதம் தெரசம்மாள் வரவில்லை. கருவாட்டு வண்டியும் வரவில்லை. இஸ்ரவேல் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, காய்ச்சலுக்குப் பயந்து வண்டிக்காரர்கள் மறுத்த வழியெல்லாம் நடந்து, வீரபாண்டியன்பட்டணத்துக்குப் போனான். அவளுடைய குடிசையில் யாருமில்லை. கோயில் வாசலில் படுத்திருந்த ஒரு வண்டிக்காரன், தெரசம்மாளா, மூன்று வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை புதைத்தாயிற்று என்றான். ஆற்றில் அவர்கள் முங்கிய அதே செவ்வாய்க்கிழமைதான் அது. இஸ்ரவேலுக்கு அதைக் கணக்குப் பார்க்க நேரம் பிடித்தது. பார்த்தபிறகு, எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு நடந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் புது மண்மேடுகள் நெருக்கமாக இருந்தன. பனஞ்சட்டத்தில் அவசரமாகச் சேர்த்த சிலுவைகளில் பெயர் எழுத நேரம் இருந்திருக்கவில்லை. எது அவளுடையது என்று தெரியவில்லை. வேறு சபைக்காரன் உள்ளே போகலாமா என்றும் தெரியவில்லை. சுவருக்கு வெளியே நின்று, பொதுவாக எல்லா மேடுகளையும் பார்த்து, "எம்மா" என்று கூப்பிட்டான். குரல் கடைசியில் இழுத்தது. கடற்கரைவரை போய்த் திரும்பிவந்தது. அவன் இன்னொரு முறை கூப்பிட்டான்.

சுவரை ஒட்டிய குடிசையிலிருந்து ஒரு கிழவி வாசலுக்கு வந்தாள். கையில் மீன் அரிந்த அரிவாள்மணை இருந்தது. கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது.

"யாரு, ரேமண்டா? பைய கூப்பிடு மக்கா. அங்கன எல்லாரும் இப்பந்தான படுத்திருக்காவ."

"சரி பெரியம்மா" என்றான் அவன்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப உள்ள வா."

அவன் குனிந்து உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் தட்டைத் தடவி எடுத்துச் சோற்றைப் போட்டு, சாளைமீன் குழம்பை ஊற்றினாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றது ரேமண்டின் குரல். அவள் இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள்.